பாதிச் சார்ஜில் இருக்கும் பாதுகாப்பு

2016 ஏப்ரல் 1 முதல் உலகமெங்கும் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கருவி எதிலும் பொருத்தாமல் தனியாக விமானத்தில் அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரி தன் கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆகியிருக்கக் கூடாது என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது. பயணிகள் விமானத்தில் அவற்றைச் சரக்காக ஏற்றுவதும் அன்றோடு நின்றது. இந்த விதிக்குப் பின்னால் சில மரணங்கள் இருக்கின்றன. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. திரும்பி இறங்க முயன்ற இரு விமானிகளும் உயிரிழந்தார்கள். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்த பகுதியையே தீயின் தொடக்கமாக விசாரணை சுட்டியது. 2016இல் சாம்சங்கின் நோட் 7 கைபேசிகள் தீப்பிடித்தபோது, தென் கொரியாவில் திரும்பப் பெறப்படாமல் இருந்த கைபேசிகள் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆகாதபடி மென்பொருள் வழியாகத் தடுக்கப்பட்டது. இரண்டு முடிவுகளிலும் ஒரே சிந்தனை ஓடுகிறது. பேட்டரிக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. ஆனால் குறை வெளிப்படும் நேரத்தில் உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை நாம் தீர்மானிக்கலாம். மாதிரி விமானம் பறக்கவிடுபவர்களின் அலமாரிக்கு இந்தச் சிந்தனை இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. சார்ஜ் ஏற்றும்போது மட்டும்தான் கவனம் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சார்ஜை இறக்குவதற்கும் அதே அளவு கவனம் வேண்டும், அதைப் பறப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

சிறிய மாதிரி விமானங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் ஒரு பேக்கை எடுத்துக்கொள்வோம்: மூன்று செல்கள் தொடராக இணைந்த 2200 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), பொழுதுபோக்காளர்கள் '3எஸ் 2200' என்பது. ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, மூன்றும் சேர்ந்து 11.1 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 24 வாட்-மணி, அதாவது 88 கிலோஜூல். இது உள்ளங்கையில் அடங்கும், ஏறக்குறைய 180 கிராம் எடையுள்ள பொருள். மடிக்கணினியின் பேட்டரியில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி உறுதியான கூடு உண்டு, ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்சுற்று உண்டு, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் உண்டு. விமான லிப்போவில் இவை எதுவும் இல்லை. 30சி என்று முத்திரையிட்ட 2200 பேக், தன் கொள்ளளவின் முப்பது மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரை தர வேண்டும். அத்தனை மின்னோட்டத்தைத் தாங்கும் காவல் சுற்றும் உலோகக் கூடும் எடையைக் கூட்டும். எடை பறப்பைக் கெடுக்கும். அதனால் மெல்லிய அலுமினியப் படலப் பைக்குள் செல்கள், அதன் மேல் சுருங்கிய ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். இந்த பேக் அடிக்கடி தரையில் மோதுகிறது; மோட்டார் கேட்கும் வேகத்துக்கு வடிகிறது. தொழிற்சாலையில் வைக்கப்பட வேண்டிய காவலை, பயன்படுத்துபவரின் பழக்கம்தான் இங்கே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

சார்ஜின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை செல்லின் வேதியியலில் இருக்கிறது. எதிர்முனையில் செப்புத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட். நேர்முனையில் அலுமினியத் தகட்டின் மேல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு அல்லது அதன் உறவான ஓர் ஆக்சைடு. நடுவில் நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் நனைத்து, எளிதில் தீப்பற்றக்கூடிய கரிமக் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்த மின்பகுளி. கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக்கலாம் என்று 1980இல் ஆக்ஸ்போர்டில் காட்டியவர் ஜான் குட்இனஃப். அகிரா யோஷினோவோடும் ஸ்டான்லி விட்டிங்ஹாமோடும் 2019இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பிக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. 4.2 வோல்ட்டை எட்டும்போது ஆக்சைடு தன் லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்து நிற்கிறது. இந்த நிலையில் இரண்டு முனைகளுமே நிம்மதியற்றவை. லித்தியம் நிரம்பிய கிராஃபைட், வினைபுரியும் வேகத்தில் லித்தியம் உலோகத்துக்கு நெருங்கிவிடுகிறது. அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் ஒன்றுதான் அதை மின்பகுளியிடமிருந்து பிரிக்கிறது. அந்தப் படலம் 80, 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சிதையத் தொடங்கும். மறுபக்கம், லித்தியத்தை இழந்த ஆக்சைடு 200 டிகிரியை ஒட்டித் தன் ஆக்சிஜனைக் கைவிடத் தொடங்குகிறது. எரியும் பொருளும், அதை எரிக்கும் ஆக்சிஜனும், மூட்டும் வெப்பமும் ஒரே பைக்குள் கூடிவிடுவதால்தான் லிப்போ தீயை மூடி மூச்சடைத்து அணைக்க முடிவதில்லை. தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே பலன் தருகிறது. சார்ஜ் இறங்க இறங்க லித்தியம் ஆக்சைடுக்குத் திரும்புகிறது. ஆக்சைடு நிலைபெறுகிறது, கிராஃபைட்டும் அடங்குகிறது. ஆக, சார்ஜை இறக்குவது ஆற்றலின் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை; இரு முனைகளின் வேதிக் குணத்தையே சாந்தப்படுத்துகிறது.

இதை ஒரு கணக்கால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். செல்லுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, சேமித்த மின்னாற்றல் முழுவதும் அங்கேயே வெப்பமாகிறது, துளியும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும் என்று கொண்டால், நமது 180 கிராம் பேக் 88 கிலோஜூலால் ஏறக்குறைய 490 டிகிரி சூடேறும். நடுவிலுள்ள சவ்வு உருகும் 130 டிகிரியையும், ஆக்சிஜன் வெளியேறும் 200 டிகிரியையும் அது அனாயாசமாகத் தாண்டிவிடும். 30 சதவீதச் சார்ஜில் அதே கணக்கு 147 டிகிரி ஏற்றத்தைத்தான் தருகிறது. அறை வெப்பத்தைக் கூட்டினாலும் 180ஐ எட்டாது. உண்மையில் வெப்பத்தில் ஒரு பகுதி சுற்றுப்புறத்துக்குப் போய்விடும். மின்பகுளி பற்றி எரியும்போது வெளியாகும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தீ பற்றுமா பற்றாதா என்பதை முடிவு செய்வதுதான் இந்தத் தொடக்க வெப்பம். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியானால் பொழுதுபோக்காளர்கள் ஏன் சேமிப்பு நிலையைச் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரை என்று வைத்திருக்கிறார்கள்? ஓய்வு நிலையில் 3.8 வோல்ட் என்பது ஏறக்குறைய 40 சதவீதம், 3.85 என்றால் பாதிக்குச் சற்று மேல். 30 சதவீதம் 3.77ஐ ஒட்டி வருகிறது. சரக்கு விமான விதியைவிட இது தளர்வானது என்பது உண்மைதான். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும்போது செல் தானாகக் கொஞ்சம் இறங்கும், பழைய செல் இன்னும் வேகமாக இறங்கும், அதற்கு அடியில் இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதால் வந்த சமரசம் அது. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை வோல்டேஜைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் 3.8ஐத் தாண்டாமல் வைப்பதே மேல் என்பேன். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊர் மாடி அறைகளில் இது இன்னும் பொருந்தும். முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் செல் மூப்படைவது வேகமெடுக்கிறது.

இறக்குவது இவ்வளவு நல்லதென்றால் ஒரேயடியாகக் காலி செய்துவிடலாமே என்று தோன்றும். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. லிப்போவுக்கு முன் மாதிரி விமானங்களை ஓட்டிய நிக்கல் காட்மியம் பேட்டரிகளை அவ்வப்போது அடிவரை இறக்கி ஏற்றுவது நல்ல பராமரிப்பாகவே கருதப்பட்டது. அந்த வேதியியல் அதைத் தாங்கியது. லிப்போ தாங்காது. செல்லின் வோல்டேஜ் 3க்குக் கீழே போய், இன்னும் இறங்கிச் சுழியத்தை நெருங்கும்போது, கிராஃபைட் முனையின் மின்னழுத்தம் ஏறி, அதைத் தாங்கியிருக்கும் செப்புத் தகடே மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. கரைந்த செம்பு காணாமல் போவதில்லை. அந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் அது கண்ட இடத்தில் உலோகமாகப் படிகிறது. படிந்த செம்பு சவ்வைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால் உள்ளேயே குறுக்குச்சுற்று. இரவு முழுக்க விமானத்திலேயே இணைத்து விடப்பட்டுச் சுழியத்துக்குப் போன பேக்கைச் சார்ஜரை ஏமாற்றி மீட்டெடுக்கும் வழிகள் பலருக்கும் தெரியும். முதலில் நிக்கல் பேட்டரி முறையில் கொஞ்சம் ஏற்றிவிட்டு, பிறகு லிப்போ முறைக்கு மாற்றுவார்கள். பேக் மீண்டும் 12.6 வோல்ட் காட்டும், பறக்கவும் செய்யும். உள்ளே படிந்த செம்பை எந்தச் சார்ஜரும் காட்டாது. புதிய பேக்கின் விலையை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்வதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆகவே திரும்பப் பயன்படுத்தப்போகும் பேக்கை இறக்குவது வேறு, விடைகொடுக்கப்போகும் பேக்கை இறக்குவது வேறு. முன்னது பாதியில் நிற்க வேண்டும். பின்னது அடிவரை போக வேண்டும், போன பிறகு ஒருபோதும் திரும்பக் கூடாது.

பாதிக்கு இறக்க மிகச் சிறந்த வழி பறப்பதுதான். தேவைக்கு மட்டும் ஏற்றி, கொள்ளளவில் 60 சதவீதம் வரை பறந்து இறங்கினால் பேக் தானாகவே சேமிப்பு நிலைக்கு அருகில் வந்து நிற்கும். சிக்கலெல்லாம் முந்தைய இரவு ஐந்தாறு பேக்குகளை நிறைத்துவைத்து, மறுநாள் காற்றோ மழையோ வந்து, அவை நிறைந்தபடியே வீடு திரும்பும்போதுதான். ஒரு 3எஸ் 2200 பேக்கை முழுச் சார்ஜிலிருந்து சேமிப்பு நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.2 ஆம்பியர்-மணியை, அதாவது 14 வாட்-மணியை வெளியே எடுக்க வேண்டும். எந்தக் கருவியைக் கொண்டு எடுத்தாலும் அந்த ஆற்றல் எங்காவது வெப்பமாகத்தான் போகும். சிறிய சார்ஜர்கள் பலவற்றின் உள்ளமைந்த டிஸ்சார்ஜ் திறன் 5 வாட் மட்டுமே. அந்த வெப்பத்தைத் தம் சின்ன உடலுக்குள்ளேயே அவை கரைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பேக்குக்கே மூன்று மணி நேரம். ஆறு செல் 5000 பேக் என்றால் ஒரு பகலே போய்விடும். மனிதர்கள் இதைத் தவிர்ப்பதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது சரியல்ல. கருவியின் மெத்தனமே பெரும்பாலும் காரணம். வெளியே ஒரு சுமையை இணைத்தால் காலம் குறையும். அலுமினிய உறையிட்ட 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று 12.6 வோல்ட்டில் 1.26 ஆம்பியர் எடுத்து 16 வாட் வெப்பமாக்கும். ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். 50 வாட் தரத்தில் வாங்கி, வெப்பம் கடத்தும் தகட்டில் திருகிப் பொருத்த வேண்டும். வாகனத்தின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு நாற்பது நிமிடத்தில் முடிக்கும். அதன் கண்ணாடி தொட முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் மேஜைத் துணிக்கும் பேக்குக்கும் எட்டாத இடத்தில், ஓடு அல்லது உலோகத் தட்டின் மேல் இருக்க வேண்டும்.

66 ஆம்பியர் தரக்கூடிய பேக்கிலிருந்து ஏன் ஒன்றிரண்டு ஆம்பியராகக் கறக்க வேண்டும் என்பது அடுத்த எதிர்வாதம். விடை மின்தடையில் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள மூன்று செல்களின் உள்மின்தடை சேர்ந்து 15 மில்லி ஓம் என்று கொள்வோம். 20 ஆம்பியரில் இறக்கினால் பேக்குக்குள்ளேயே 6 வாட் வெப்பம் எழும். 2 ஆம்பியரில் அது 0.06 வாட்டாகிவிடும். மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் உள்வெப்பம் நூறில் ஒன்றாகிறது. மூப்படைந்த ஒரு செல்லின் தடை மட்டும் 30 மில்லி ஓமாக ஏறியிருந்தால், 20 ஆம்பியரில் அந்த ஒரு செல்லே 12 வாட்டைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகாயத்தில் காற்று பேக்கைத் தடவிக்கொண்டு போகிறது, பறப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மேஜையில் காற்றும் இல்லை, பல நேரம் பார்க்க ஆளும் இல்லை. மெதுவாக இறக்குவதன் பொருள், வெப்பத்தை ஏறக்குறைய முழுவதுமாகப் பேக்குக்கு வெளியே, நாம் தேர்ந்தெடுத்த இடத்தில் பிறக்கவைப்பது.

ரெசிஸ்டருக்கும் பல்புக்கும் எங்கே நிற்பது என்று தெரியாது என்பதே அவற்றின் பெரிய குறை. மறந்துவிட்டால் சேமிப்பு நிலையைத் தாண்டி, 3 வோல்ட்டைத் தாண்டி, செம்பு கரையும் இடம் வரை அவை போய்க்கொண்டே இருக்கும். எனவே எல்லையில் தானாகத் துண்டிக்கும் சாதனம் இல்லாமல், குறைந்தபட்சம் ஒவ்வொரு செல்லையும் தனியே தொடும் கம்பிகள் வந்து சேரும் பேலன்ஸ் கனெக்டரில் செருகி ஒலியெழுப்பும் வோல்டேஜ் அலாரம் இல்லாமல், இந்த முறையைத் தொடவே வேண்டாம். அலாரம் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மொத்த வோல்டேஜ் போதாது. சுமையின் கீழ் பேக் 10 வோல்ட் காட்டுகிறது என்றால் மூன்றும் 3.33 என்று நினைத்துக்கொள்வோம், அது 3.6, 3.6, 2.8 ஆகவும் இருக்கலாம். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்துத் தோற்ற மாணவனைக் கண்டுபிடிக்க முடியாது. சுமையை நீக்கியதும் வோல்டேஜ் சற்று மேலே துள்ளும் என்பதால், இறுதி அளவை அரை மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். சேமிப்பு நிலையை ஒட்டிய வோல்டேஜில் 0.05 வோல்ட் வேறுபாடே 15 சதவீதச் சார்ஜுக்குச் சமம். மலிவான அலாரத்தை ஒருமுறையாவது நல்ல மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்வது வீண் வேலை ஆகாது.

நாளை பறக்கப்போகிற பேக்கை இன்று இறக்கி நாளை மறுபடி ஏற்றினால், பேட்டரியின் ஆயுளில் ஒரு சுற்று வீணாகிறதே என்பார்கள். நாளையே பறப்பது உறுதி என்றால் இறக்கத் தேவையில்லை. ஓரிரு நாட்கள் பெரிய மாற்றத்தைச் செய்துவிடாது. ஆனால் அடுத்த ஞாயிறு என்று சொல்லி வைப்பது மாதக்கணக்காவதே வழக்கம். மெதுவாக நடக்கும் பாதிச் சுற்றின் தேய்மானம் சிறிது, 4.2 வோல்ட்டில் வாரக்கணக்கில் கிடப்பதால் மின்பகுளி சிதைந்து வாயுவாகி பேக் உப்பிப்போவது பெரிது. நம் கைபேசி நாள் முழுக்க நிறைந்த சார்ஜிலேயே இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். காவல் சுற்றும் கூடும் பற்றி முன்பே பார்த்தோம். அதற்கு மேல், இப்போது கைபேசி, மடிக்கணினி உற்பத்தியாளர்கள் பலர் 80 சதவீதத்தில் நிற்கும் வசதியை அவர்களாகவே சேர்த்து வருகிறார்கள். பாதியில் இருக்கும் பேக்கும் எரியக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது. அதனால்தான் அதை உலோகப் பெட்டியிலோ தீத்தடுப்புப் பையிலோ, படுக்கையறைக்கும் எரியும் பொருட்களுக்கும் அப்பால் வைக்கச் சொல்கிறோம். தீ நேரும் வாய்ப்பு குறைந்ததும், நேர்ந்தால் வெளியாகும் ஆற்றல் குறைந்ததும் சேர்ந்ததே இங்கே கிடைக்கும் லாபம்.

இனி, விடைகொடுக்க வேண்டிய பேக்குகள். உப்பியது, ஒரு செல் மற்றவற்றோடு ஒத்துப்போகாதது, மோதலில் நசுங்கியது ஆகியவை இந்த வகை. இவற்றை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. எளிமையும் மலிவும் அதன் கவர்ச்சி. ஆனால் வாளிக்குள் நடப்பது மின்னாற்பகுப்பு: ஒரு முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள், மறுமுனையில் குளோரின். அதைவிட மோசமானது நேர்முனையின் உலோகம் அரித்துப்போவது. கனெக்டரோ செல்லின் தகடோ அரித்து அறுந்துவிட்டால் மின்னோட்டம் நின்றுவிடும், குமிழ்களும் நிற்கும். மல்டிமீட்டரில் சுழியம் காட்டும், செல்லுக்குள் சார்ஜ் அப்படியே இருக்கும், அதை எடுக்க இனி முனையும் இருக்காது. இப்படிக் காலி என்று நம்பிக் குப்பையில் போடப்படும் பேக், நிறைந்ததென்று தெரிந்து வைத்திருக்கும் பேக்கைவிட ஆபத்தானது. இந்த ஒரு காரணத்துக்காகவே உப்புத் தண்ணீரைக் கைவிட வேண்டும்.

மாற்று வழி சிக்கலானதல்ல. உடல் முழுதாக இருந்து கம்பிகளும் நன்றாக இருக்கும் பேக்கை முதலில் சார்ஜரைக் கொண்டு செல்லுக்கு 3 வோல்ட் வரை இறக்கலாம். அதன் பிறகு வீட்டுக்கு வெளியே, மணல் பரப்பிய உலோகத் தட்டில் வைத்து, சிறிய சுமையால் சுழியம் வரை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. தொடராக இணைந்த செல்களில் பலவீனமானது முதலில் தீர்ந்துவிடும். மற்றவை தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளுவதால் அதன் முனைகள் தலைகீழாகி அது சூடேறும். அதனால் மொத்த பேக்குக்கு ஒரு சுமை கொடுப்பதைவிட, பேலன்ஸ் கனெக்டர் வழியாக ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக ஒரு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கொடுப்பது சிறந்தது. 3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர்தான் ஓடும். அந்த மெல்லிய கம்பிகளும் அதைத் தாங்கும். சுழியத்தைத் தொட்டதும் கழற்றிவிட்டால் வோல்டேஜ் மெல்ல மேலே வரும் என்பதால் ஓரிரு நாட்கள் இணைத்தே விட வேண்டும். ஓட்டை விழுந்த, சூடாக இருக்கும், இனிய வாசனை கசியும் பேக்கை இந்த வழிக்கும் கொண்டுவரக் கூடாது. அதை வெளியே மணலுக்குள் தனியாக வைத்துவிட்டு, நிலைமையைச் சொல்லி மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படைப்பதே சரி.

சுழியம் காட்டும் செல்லிலிருந்து நீங்கியது மின்னாற்றல் மட்டுமே. தீப்பற்றும் கரைப்பான் உள்ளேதான் இருக்கிறது. லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். அதனால் காலியான பேக்கையும் குத்தவோ வெட்டவோ எரிக்கவோ கூடாது, வீட்டுக் குப்பையோடும் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேலும் இறக்குமதியாளர்கள் மேலும் வைக்கின்றன. பயன்படுத்துபவர் அவற்றைப் பிற குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கும்முன் கனெக்டரை வெட்டிவிட நேர்ந்தால், இரண்டு கம்பிகளையும் சேர்த்து வெட்டாமல் ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொரு முனையையும் உடனே டேப்பால் சுற்றி, பேக்கின் மேல் 'சுழியம் வோல்ட், மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது' என்று தேதியோடு எழுதி ஒட்ட வேண்டும்.